இரண்டு ஹெக்டேருக்கு அறுபது லட்சம்: நர்மதை விவசாயிகளின் இழப்பீட்டுக் கணக்கு

2017 பிப்ரவரி 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு விலை சொன்னது. நர்மதை ஆற்றின் குறுக்கே கட்டிய சர்தார் சரோவர் அணையால் நிலம் இழந்து, மாற்று நிலமும் கிடைக்காமல், அரசு கொடுத்த பணத்தையும் ஏற்காமல் காத்திருந்த 681 குடும்பங்களுக்கு, இரண்டு ஹெக்டேர் கணக்கில் குடும்பத்துக்கு 60 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னது. ஏக்கருக்கு ஏறக்குறைய 12 லட்சம். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் அதே இரண்டு ஹெக்டேருக்கு மத்தியப் பிரதேச அரசு வைத்த விலை 5 லட்சத்து 58 ஆயிரம்.

பத்து மடங்குக்கும் மேல். நில விலை எல்லா ஊரிலும்தான் ஏறியது. ஆனால் இந்த வித்தியாசத்தை விலையேற்றம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. அணைக்காக நிலத்தைக் கொடுத்த ஒருவருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கணக்குப் போடும் முறையிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. அந்தக் கோளாறு முழுதாக வெளியே தெரிந்த இடம் நர்மதைப் பள்ளத்தாக்கு. அதனால்தான் அந்த ஒரு அணையை எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

சர்தார் சரோவர் என்றதும் குஜராத்துக்குப் போகும் கால்வாய்தான் பலருக்கு நினைவு வரும். ஆனால் அணைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரில் மூழ்கும் 245 ஊர்களில் குஜராத்தில் இருப்பவை 19, மகாராஷ்டிரத்தில் 33. மீதி 193 ஊர்களும் மத்தியப் பிரதேசத்தில். இந்த அணையிலிருந்து கால்வாய்த் தண்ணீர் மத்தியப் பிரதேசத்துக்கு வராது. அதற்கு வருவது மின்சாரம். ஆற்றுப் படுகை மின்நிலையத்தில் 1,200 மெகாவாட், கால்வாய்த் தலைப்பில் 250 மெகாவாட், ஆக மொத்தம் 1,450. அதில் 57 சதவீதம் மத்தியப் பிரதேசத்துக்கு, 27 மகாராஷ்டிரத்துக்கு, 16 குஜராத்துக்கு. ஆகவே பட்வானி, தார் மாவட்டத்து விவசாயியைப் பொறுத்தவரை இது ஒரு நீர்மின் திட்டம்தான். அவர் வயல் தண்ணீருக்குள் போனது, தன் மாநிலத்துக்கு மின்சாரம் கிடைப்பதற்காக.

1961-இல் நேரு அடிக்கல் நாட்டினார். அப்புறம் மாநிலங்களுக்கு இடையே தகராறு. 1969-இல் நடுவர் மன்றம் அமைத்தார்கள். பத்து வருடம் விசாரித்து 1979-இல் இறுதித் தீர்ப்பு வந்தது. அணையின் முழு நீர்மட்டம் 455 அடி, அதாவது 138.68 மீட்டர் என்று முடிவானது அதில்தான். தண்ணீரையும் மின்சாரத்தையும் பங்கு பிரித்துக் கொடுத்த அதே தீர்ப்பு, வெளியேற வேண்டியவர்களுக்கு என்ன தர வேண்டும் என்பதையும் எழுதி வைத்தது. அந்தக் காலத்து இந்தியாவில் இது புதுசு. அதற்கு முன்னால் கட்டிய பல அணைகளில் பணத்தைக் கொடுத்து, ஊரைக் காலி செய்யச் சொன்னதோடு வேலை முடிந்துவிடும்.

தீர்ப்பு சொன்னது இதுதான். வைத்திருக்கும் நிலத்தில் 25 சதவீதத்துக்கு மேல் இழக்கும் குடும்பத்துக்கு, இழந்த அளவுக்குப் பாசன வசதியுள்ள நிலம் தர வேண்டும். குறைந்தது இரண்டு ஹெக்டேர், நம் கணக்கில் ஐந்து ஏக்கர். வயது வந்த ஒவ்வொரு மகனும் தனிக் குடும்பம். வீடு கட்ட 60-க்கு 90 அடி மனை, இலவசமாக. இதெல்லாம் தண்ணீர் ஏறுவதற்கு ஒரு வருடம் முன்பே முடிந்திருக்க வேண்டும். செலவு குஜராத்துடையது. இதோடும் நிற்கவில்லை. குடியேறும் ஊரில் நூறு குடும்பத்துக்கு ஒரு பள்ளிக்கூடம், ஐந்நூறு குடும்பத்துக்கு ஒரு மருந்தகம், ஒரு விதைக் கிடங்கு, ஒரு குளம் என்று போகிறது பட்டியல். ஐம்பது குடும்பத்துக்கு ஒரு குடிநீர்க் கிணறு, பக்கத்திலேயே மாடு தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி. மாநிலங்களின் வழக்கைத் தீர்க்க உட்கார்ந்தவர்கள் மாட்டுத் தொட்டி வரைக்கும் யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு மனசு இளகிவிட்டது. இடம் மாறுவது ஒரு மனிதர் மட்டும் இல்லை, ஒரு ஊரே மாறுகிறது என்பது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

மாற்று நிலமும் சும்மா கிடைக்காது. இழப்பீட்டுப் பணத்தில் பாதியை நில விலையின் முதல் தவணையாகப் பிடித்துக்கொண்டு, மீதியை வட்டியில்லாமல் இருபது வருடத் தவணையில் கட்டலாம் என்றது தீர்ப்பு. ஆக, நிலம் எடுக்கும்போது என்ன விலை போடுகிறார்கள் என்பது இங்கேயும் முக்கியம்.

அந்த விலையை எப்படிப் போட்டார்கள்?

2013 வரைக்கும் நாடு முழுதும் நடந்தது 1894-ஆம் வருடத்துச் சட்டத்தின்படி. அரசிதழில் முதல் அறிவிப்பு வந்த தேதியில் அந்த நிலத்துக்குச் சந்தையில் என்ன விலையோ, அதுதான் அடிப்படை. அதற்கு மேல் ‘ஆறுதல் தொகை’ என்று ஒரு சேர்க்கை. விற்க விரும்பாதவரிடமிருந்து கட்டாயமாக எடுத்துக்கொள்வதற்காகத் தருவது. முதலில் அது 15 சதவீதமாக இருந்தது, 1984 திருத்தத்துக்குப் பிறகு 30. கிணறு, பம்பு செட், மரம், வீடு ஆகியவற்றைத் தனியாக எண்ணிச் சேர்ப்பார்கள். தொகை போதாது என்றால் நீதிமன்றத்துக்குப் போகலாம். போகிறவர்களுக்குப் பல சமயம் கூடுதலாகக் கிடைத்தது. வக்கீல் வைக்க முடியாதவர்களும் கையெழுத்துப் போடும்போது ஆட்சேபம் எழுதத் தெரியாதவர்களும் முதலில் கொடுத்ததோடு நின்றுபோனார்கள்.

சந்தை விலையை எங்கிருந்து எடுப்பது? அக்கம்பக்கத்தில் பதிவான கிரையப் பத்திரங்களிலிருந்து. இங்கேதான் முதல் சிக்கல். பத்திரம் பதிகிறபோது என்ன நடக்கும் என்பது நமக்கும் தெரிந்ததுதானே. கைமாறும் பணம் ஒன்று, முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிப்பதற்காகப் பத்திரத்தில் எழுதும் தொகை வேறொன்று. வாங்குகிறவரும் விற்கிறவரும் சேர்ந்து எழுதிய அந்தக் குறைந்த தொகைதான், பத்து வருடம் கழித்து, அந்தப் பத்திரத்தோடு சம்பந்தமே இல்லாத பக்கத்து வயல்காரரின் இழப்பீடாக வந்து நிற்கிறது.

மலையோரத்துப் பில், பிலாலா பழங்குடி ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். பழங்குடி நிலத்தைப் பழங்குடி அல்லாதவர் வாங்குவதற்குச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. அந்த மக்களும் நிலத்தை விற்பனைச் சரக்காக நினைப்பதில்லை. தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும், அவ்வளவுதான். விற்பனையே நடக்காத ஊரில் சந்தை விலை என்று எதைச் சொல்வது? பதிவேட்டில் கிடைக்கும் ஒன்றிரண்டு பழைய பத்திரத்தை வைத்து ஒரு தொகை எழுதுவார்கள்.

அடுத்தது தேதி. முதல் அறிவிப்பு வந்த நாளோடு விலை உறைந்துவிடுகிறது. நிலத்தை உண்மையாக எடுத்து, பணத்தைக் கொடுத்து, அந்தப் பணத்தோடு வேறு நிலம் தேடிப் போகும்போது பல வருடம் ஓடியிருக்கும். 1984-க்குப் பிறகு இந்த இடைக்காலத்துக்கென்று வருடத்துக்கு 12 சதவீதம் சேர்க்கச் சொன்னார்கள். கொஞ்சம் ஈடுகட்டியது. ஆனால் அடிப்படை விலையே குறைவாக இருக்கும்போது அதன் மேல் போடும் 12 சதவீதமும் குறைவுதான்.

மூன்றாவது சிக்கலை நான் பெரிதாக நினைக்கிறேன். ஒருவர் தன் நிலத்தை விற்றுவிட்டு இன்னொன்று வாங்கினால், அந்த வட்டாரத்துச் சந்தை அசையாது. ஒரு பள்ளத்தாக்கே மூழ்கும்போது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே நேரத்தில் நிலம் தேடி இறங்குகின்றன. விற்பதற்கு இருக்கும் நிலமோ முன்பைவிடக் குறைவு, ஏனென்றால் நல்ல நிலத்தில் ஒரு பகுதி தண்ணீருக்குள் போய்விட்டது. இவர்கள் கையில் அரசுப் பணம் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் வாங்கியே ஆக வேண்டும் என்பதும் விற்கிறவருக்குத் தெரியும். அவர் சொல்வதுதான் விலை. சட்டம் கணக்கிட்டது அணை வருவதற்கு முந்தைய விலையை. விவசாயி வாங்க வேண்டியிருப்பது அணை வந்த பிறகு உள்ள விலையில். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவருடைய நிலம் காணாமல் போகிறது.

சரி, இதற்குத்தானே நடுவர் மன்றம் நிலத்துக்கு நிலம் என்றது? ஆமாம். குஜராத் ஓரளவு அதைச் செய்தும் காட்டியது. அரசே குழு அமைத்து, தனியாரிடமிருந்து வெளிச்சந்தை விலைக்கு நிலம் வாங்கி, வெளியேறியவர்களுக்குக் கொடுத்தது. 1987-இல் ஒரு படி மேலே போய், நிலமற்றவர்களுக்கும், பட்டா இல்லாமல் காட்டு நிலத்தில் பயிர் செய்தவர்களுக்கும், வயது வந்த மகன்களுக்கும் அதே இரண்டு ஹெக்டேர் என்று உத்தரவு போட்டது. மழைக்குத் தண்ணீர் தேங்கும் நிலம், பல ஊர்களில் பிரித்துப் போட்ட உறவுகள் என்று அங்கேயும் புகார்கள் உண்டு. ஆனாலும் விலையேற்றத்தின் சுமையை விவசாயி தலையில் கட்டாமல், வாங்கும் வேலையை அரசு தன் பக்கம் எடுத்துக்கொண்டது. அது பெரிய விஷயம்.

மத்தியப் பிரதேசத்தில் நடந்தது வேறு. அங்கேதான் நிமாட் சமவெளி இருக்கிறது. பருத்தி, கோதுமை, மிளகாய், வாழை என்று எதுவும் வரும் கரிசல் மண். ஆற்றிலிருந்து நேராகப் பம்பு வைத்து இறைக்கும் பாசனம். இதற்கு ஈடாக அரசின் ‘நில வங்கி’யிலிருந்து காட்டிய இடங்களைப் போய்ப் பார்த்த விவசாயிகள் பலர், கல்லும் மேடுமாகவோ வேறு யாரோ ஏற்கெனவே பயிர் வைத்த இடமாகவோ இருக்கிறது என்று சொல்லித் திரும்பி வந்தார்கள். இதற்கிடையே அணை ஏறிக்கொண்டே இருந்தது. இந்த அணைக்கு 1985-இல் 45 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்ட உலக வங்கி, மக்கள் போராட்டத்துக்குப் பிறகு பிராட்ஃபோர்டு மோர்ஸ் தலைமையில் ஒரு தனிக் குழுவை நியமித்தது. இருக்கும் நிலையில் எல்லோரையும் மறுகுடியமர்த்துவது நடக்காது என்று 1992-இல் அந்தக் குழு எழுதியது. அடுத்த வருடமே மீதிக் கடன் நின்றது. 1995-லிருந்து அணையின் உயரத்துக்கு உச்ச நீதிமன்றத் தடை. 2000 அக்டோபர் 18-இல் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. அணை உயரலாம், ஆனால் மறுவாழ்வுப் பணி கூடவே நடந்து வர வேண்டும் என்றது அது.

‘கூடவே’ என்ற அந்தச் சொல்தான் மத்தியப் பிரதேச அரசுக்கு அவசரத்தைக் கொடுத்தது. ஒவ்வொரு முறை உயர்த்துவதற்கு முன்பும் அந்த மட்டத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கு மறுவாழ்வு முடிந்தது என்று காட்ட வேண்டும். நிலம் தேடிக் கொடுப்பது வருடக் கணக்கில் இழுக்கும் வேலை. பணம் கொடுப்பது ஒரு வார வேலை. அப்படி வந்ததுதான் ‘சிறப்பு மறுவாழ்வுத் தொகுப்பு’. இரண்டு ஹெக்டேருக்கு 5 லட்சத்து 58 ஆயிரம் ரூபாய், இரண்டு தவணையில். நீயே நிலம் பார்த்து வாங்கிக்கொள் என்பது அதன் பொருள்.

2006 ஏப்ரலில் மத்திய நீர்வளத்துறை அமைச்சர் சைஃபுத்தீன் சோஸ் இன்னும் இரண்டு அமைச்சர்களோடு பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்த்தார். காகிதத்தில் இருக்கும் மறுவாழ்வுக்கும் தரையில் இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை என்ற பொருளில் அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். வெளியேறுகிறவர்களுக்காகப் போராடிய நர்மதைப் பாதுகாப்பு இயக்கத்தின் மேதா பட்கர் டெல்லியில் இருபது நாள் உண்ணாவிரதம் இருந்தார். அணை 121.92 மீட்டருக்கு உயர்ந்தது.

இந்த இரண்டு தவணையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். முதல் தவணை ஏறக்குறைய பாதி. நிலம் வாங்கியதற்குப் பதிவு செய்த கிரையப் பத்திரத்தைக் கொண்டுவந்து காட்டினால்தான் இரண்டாவது தவணை. கேட்பதற்கு நியாயமாகத் தெரியும், பணத்தை வேறு வழியில் செலவழித்துவிடாமல் இருக்கத்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு விவசாயியின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். கையில் 2 லட்சத்து 79 ஆயிரம். ஐந்து ஏக்கருக்கு முழுப் பணம் கொடுக்காமல் யாரும் பத்திரம் எழுதித் தர மாட்டார்கள். பத்திரம் இல்லாமல் மீதிப் பணம் வராது. வெளியே கடன் வாங்கினால்தான் இந்த முடிச்சு அவிழும். நிமாட்டில் பாசன நிலத்தின் உண்மையான விலையோ அந்த முழுத் தொகைக்கும் மேலே.

அந்த நேரத்தில்தான் தரகர் வருகிறார். பத்திரம்தானே வேண்டும், நான் வாங்கித் தருகிறேன் என்கிறார். பத்திரம் பதிவாகிறது, அலுவலகத்தில் காட்டியாகிறது, இரண்டாவது தவணை வருகிறது, அதில் பெரும் பங்கு பல கைகளுக்குப் போகிறது. நிலத்தைப் போய்ப் பார்த்தால் அங்கே வேறொருவர் உழுதுகொண்டிருக்கிறார். ஒரே நிலம் பலருக்கு விற்றதாகப் பத்திரங்கள். விற்றதாகக் கையெழுத்துப் போட்டவர் அந்த நிலத்துக்கு உடையவரே இல்லை. சில பத்திரங்களில் இருந்தது அரசு நிலம். இந்தப் போலிப் பத்திர விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், 2008-இல் நீதிபதி எஸ்.எஸ். ஜா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. ஏழு வருடத்துக்கு மேல் விசாரித்து 2016 தொடக்கத்தில் அறிக்கை கொடுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரங்கள் போலி என்று தெரிந்தது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? தரகரும் அவரோடு கூட்டுச் சேர்ந்தவர்களும் செய்தது குற்றம், சந்தேகமே இல்லை. ஆனால் போலிப் பத்திரத்துக்கு ஒரு சந்தையை உண்டாக்கியது அந்த 5 லட்சத்து 58 ஆயிரம் என்ற தொகைதான். அந்தத் தொகைக்கு உண்மையான நிலம் கிடைத்திருந்தால் பொய்யான நிலத்தை யார் வாங்கப்போகிறார்கள்?

2017 தீர்ப்பில் 60 லட்சத்தோடு இன்னொரு தொகையும் இருந்தது. போலிப் பத்திரத்தில் ஏமாந்த 1,358 குடும்பங்களுக்குத் தலா 15 லட்சம், ஏற்கெனவே வாங்கியதைக் கழித்துக்கொண்டு. அதே தீர்ப்பு, 2017 ஜூலை 31-க்குள் எல்லோரும் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்றும் சொன்னது. பணத்தை வாங்காமல் பல வருடம் பொறுத்திருந்தவருக்கு 60, வாங்கி ஏமாந்தவருக்கு 15. நீதிமன்றம் ஏன் அப்படிப் பிரித்தது என்பது புரிகிறது. ஆனால் அந்த இரண்டு குடும்பங்களும் இழந்தது ஒரே மாதிரி நிலம்தான். முன்னவர் பொறுத்திருந்ததற்குக் காரணம் பல சமயம் கையில் வேறு வருமானமோ ஊரில் சங்கத்தின் பலமோ இருந்ததுதான். பின்னவருக்குப் பிள்ளையின் படிப்போ கல்யாணமோ கழுத்தை நெருக்கியிருக்கும்.

2017 செப்டம்பர் 17-இல் பிரதமர் அணையை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2019 செப்டம்பரில் முதல் முறையாக 138.68 மீட்டர் வரை தண்ணீர் நிரம்பியது. காலி செய்தவர்களில் பலருக்கு அரசு போட்டுக் கொடுத்தது தகரக் கொட்டகை.

இதுவரை சொன்னது பட்டா வைத்திருந்தவர்களின் கதை. பட்டியலில் பெயர் ஏறாதவர்களின் கதை வேறு.

மலைச்சரிவில் மூன்று நான்கு தலைமுறையாகப் பயிர் செய்த நிலம் அரசுப் பதிவேட்டில் வனத்துறை நிலம் என்று இருக்கும். அப்படியானால் உழுதவர் ஆக்கிரமிப்பாளர். ஆக்கிரமிப்பாளருக்கு எதற்கு இழப்பீடு? குஜராத்தின் 1987 உத்தரவு வரும்வரை இப்படித்தான் இருந்தது. அந்த நிலத்தோரத்தில் நிற்கும் மஹுவா மரம் நம்முடைய இலுப்பைக்கு நெருங்கிய சொந்தம். வெயில் ஏறும் மாதங்களில் விடியற்காலையில் உதிரும் பூவைக் கூடை கூடையாகப் பொறுக்கி, காயவைத்து, வருடம் முழுதும் உணவாகவும் காசாகவும் வைத்துக்கொள்வார்கள். பட்டா நிலத்தில் நின்றால் மரத்துக்கு ஒரு விலை உண்டு. காட்டில் நின்றால் அது வனத்துறையின் மரம். பூ பொறுக்கிய குடும்பத்துக்கு எதுவும் இல்லை.

வயது வந்த மகன் தனிக் குடும்பம். மகள் இல்லை. 1979-இல் எழுதிய வரி அப்படி.

அப்புறம் கேவடியா, குஜராத்தில் அணைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். அணை ஊழியர்களுக்குக் குடியிருப்பு கட்ட 1961 வாக்கில் ஆறு ஊர்களின் நிலத்தை எடுத்தார்கள். அந்த நிலம் தண்ணீரில் மூழ்கவில்லை, அதனால் நடுவர் மன்றத்தின் வரையறையில் அவர்கள் ‘வெளியேற்றப்பட்டவர்கள்’ இல்லை. நிலத்துக்கு நிலம் அவர்களுக்குப் பொருந்தாது என்றார்கள். 2018-இல் 182 மீட்டர் உயர வல்லபாய் படேல் சிலை அங்கே எழுந்து, சுற்றுலா நகரமே வளர்ந்துவிட்டது. அறுபது வருடத்துக்கு முந்தைய பணத்தை வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மூழ்குவது என்பதற்கே ஒரு கணக்கு இருக்கிறது. அணையில் தேங்கும் தண்ணீர் தட்டுத் தண்ணீர் மாதிரி மட்டமாக நிற்காது. வெள்ளம் வரும்போது மேலே இருந்து வரும் தண்ணீர் தேங்கிய தண்ணீரில் முட்டிக்கொண்டு, மேல்பக்கத்தில் இன்னும் உயரும். இதைப் பின்னோக்கு நீர் என்று சொல்லலாம். ஊர்களில் இந்த மட்டத்தைக் குறிக்கக் கல் நட்டு வைப்பார்கள். கல்லுக்குக் கீழே இருக்கும் வீட்டுக்கு இழப்பீடு, மேலே இருக்கும் வீட்டுக்கு இல்லை. இந்த மட்டத்தைத் திரும்பக் கணக்கிட்டு, முன்பு பட்டியலில் இருந்த சுமார் 16,000 குடும்பங்களை மத்தியப் பிரதேசத்தில் வெளியே எடுத்துவிட்டார்கள். 2023 செப்டம்பர் நடுவில் பெருமழையில் அணை நிரம்பியபோது, பட்வானி, தார் மாவட்டங்களில் பட்டியலில் இல்லாத வீடுகளுக்குள்ளும் தண்ணீர் வந்தது. கணக்கில் மூழ்காத வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீரில் நிற்கிறவரிடம் எந்தக் கல்லைக் காட்டுவது?

2013-இல் புதிய நில எடுப்புச் சட்டம் வந்தது. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறை. பழைய சட்டத்தோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. மூன்று வருடப் பத்திரங்களில் மேல்பாதியின் சராசரி, பத்திரப் பதிவுக்கு அரசு வைத்த மதிப்பு, இவற்றில் எது அதிகமோ அதை எடுக்க வேண்டும். பத்திரத்தில் குறைத்து எழுதும் பழக்கத்தை மனத்தில் வைத்துத்தான், கிராமப்புறத்தில் அந்தத் தொகையை ஒன்றிலிருந்து இரண்டு வரை பெருக்கச் சொன்னார்கள். ஆறுதல் தொகை 30 சதவீதத்திலிருந்து 100 ஆனது. ஏக்கர் 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால், இரண்டால் பெருக்கி 10, ஆறுதல் தொகை 10, ஆக 20 லட்சம். பெருக்கல் எண்ணை முடிவு செய்வது மாநில அரசு. மத்தியப் பிரதேசம் 2014-இல் அதை ஒன்று என்றே வைத்தது. அப்போது அதே ஏக்கர் 10 லட்சத்தில் நின்றுவிடும். நிலத்தில் கூலி வேலை செய்தவர், குத்தகைக்கு உழுதவர் ஆகியோரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று சட்டம் ஏற்றுக்கொண்டது. நீர்மின் திட்டமானால் தண்ணீர் ஏறுவதற்கு ஆறு மாதம் முன்பே மறுகுடியமர்த்தல் முடிய வேண்டும் என்றும் சொன்னது.

ஆனால் நிலத்துக்கு நிலம் என்பது இந்தச் சட்டத்தில் சுருங்கிவிட்டது. பாசனத் திட்டமாக இருந்தால், இயன்றவரை, குறைந்தது ஒரு ஏக்கர். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இழந்த அளவு அல்லது இரண்டரை ஏக்கர், இதில் எது குறைவோ அது. 1979-இல் ஐந்து ஏக்கர் என்று, ‘இயன்றவரை’ என்ற சொல் இல்லாமல், எழுதினார்கள். முப்பத்து நான்கு வருடம் கழித்து வந்த சட்டம் அதைவிடக் குறைவாகக் கேட்கிறது. நர்மதையில் நிலம் தருவது கடினமாக இருந்தது என்ற அனுபவத்திலிருந்து, நிலம் தர வேண்டியதில்லை என்ற பாடத்தை எடுத்துக்கொண்டார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது.

நிலம் தருவதிலும் இடம் பார்த்துத் தர வேண்டும் என்பதற்கு இமாசலத்தின் பாங் அணை சாட்சி. காங்ரா பள்ளத்தாக்கில் 1970-களில் மூழ்கிய ஊர்களிலிருந்து 16,352 குடும்பங்கள் மாற்று நிலத்துக்குத் தகுதியானவை என்று முடிவானது. கொடுத்த இடம் ராஜஸ்தானின் கங்காநகர் பக்கம், பாலைவனத்தில் கால்வாய் ஓரம். மலையடிவாரத்தில் நெல் நட்டவர்கள் அந்த மண்ணிலும் மொழியிலும் வெயிலிலும் காலூன்ற முடியாமல் திரும்பினார்கள். அங்கேயே தங்கிப் பயிர் செய்யவில்லை, விற்றுவிட்டார்கள் என்று பலருக்கு ஒதுக்கீடு ரத்தானது. அரை நூற்றாண்டு ஆகியும் வழக்குகள் முடியவில்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நீர்மின் நிலையம் ஒரு தடவை கட்டினால் பல பத்தாண்டுகளுக்கு ஒவ்வொரு வருடமும் மின்சாரம் விற்கும். வயலும் அப்படித்தான் வருடா வருடம் விளைந்தது. வருடா வருடம் வருமானம் தந்ததை எடுத்துக்கொண்டு, வருடா வருடம் வருமானம் தருவதைக் கட்டுகிறோம். நடுவில் விவசாயிக்கு மட்டும் ஏன் ஒரே தடவைப் பணம்?

சில இடங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். சீனா 2006-இல், பழைய அணைகளால் வெளியேறியவர்களையும் சேர்த்து, ஆளுக்கு வருடம் 600 யுவான் வீதம் இருபது வருடம் தருவதென்று முடிவு செய்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் தொடர்ந்து வருவது. பிரேசிலில் நீர்மின் நிலையங்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கை, நிலம் மூழ்கிய நகராட்சிகளுக்கும் மாநிலத்துக்கும் கட்டியாக வேண்டும். நம் 2008 நீர்மின் கொள்கை, பாதித்த குடும்பத்துக்குப் பத்து வருடம் மாதம் 100 யூனிட் மின்சாரமும், அந்த வட்டார வளர்ச்சிக்குத் திட்ட மின்சாரத்தில் ஒரு சதவீதமும் என்கிறது. தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஐந்து ஏக்கர் கரிசல் காட்டுக்கு மாதம் 100 யூனிட் எப்படி ஈடாகும்?

நர்மதையின் துணையாறு தவாவில் 1970-களில் கட்டிய பாசன அணையில் வேறு மாதிரி ஒன்று நடந்தது. அங்கே மூழ்கியது 44 ஊர்கள், பெரும்பாலும் பழங்குடி ஊர்கள். இருபது வருடம் போராடி, தங்கள் நிலத்தின் மேல் நின்ற தண்ணீரில் மீன் பிடிக்கும் உரிமையை 1996-இல் வெளியேறியவர்களின் கூட்டுறவு அமைப்பு வாங்கியது. தவா மத்ஸ்ய சங்கம் என்று பெயர். ஒப்பந்ததாரர் கையில் இருந்தபோது கூலிக்கு மீன் பிடித்தவர்கள், தங்கள் மீனைத் தாங்களே விற்றார்கள். பிடிப்பும் கூடியது, கூலியும் கூடியது. 2006 கடைசியில் அந்தக் குத்தகை முடிந்தது, புதுப்பித்துத் தரவில்லை.

மழை நின்று மாதங்கள் போகப் போக இப்படிப்பட்ட நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இறங்கும். கரையோரத்தில் வண்டல் படிந்த நிலம் ஈரத்தோடு வெளியே வரும். ஒரு காலத்தில் அங்கே வயல் வைத்திருந்தவர்கள், எந்த மேடு யாருடையது என்று இன்னும் நினைவு வைத்திருக்கிறவர்கள், அதில் கோதுமையும் தர்பூசணியும் போட்டு, அடுத்த மழைக்கு முன்னால் அறுத்துவிடுவார்கள். பதிவேட்டில் அந்த நிலத்துக்கு உரிமையாளர் அரசு. ஒரு பருவம் உழுவதற்கு அவர்கள் குத்தகை எழுதி வாங்க வேண்டும்.